ஏழாம் மேசையின் உப்பு

ஒரு ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள மற்ற ஊர்களில் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். வேலை செய்யும் இடத்தில் விசாரிப்பார்கள். மிஞ்சிப்போனால் பள்ளிக்கூட வாத்தியாரைத் தேடிப் பிடித்து விசாரிப்பார்கள். அந்த ஊரில் அவ்வளவு அலைச்சல் இல்லை. ஆளை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஏழாம் மேசையில் உட்கார வைத்து, ஒரு சூப் வாங்கிக் கொடுத்தால் போதும். கிண்ணம் காலியாவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

தீர்ப்புச் சொல்பவர் அந்த மேசைக்குப் பரிமாறும் சர்வர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது சம்பளப் பதிவேட்டில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஊர் வைத்த பெயர் தராசு.

தராசு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். கடைசியில் தட்டுகளை எடுக்கும்போது மேசை நடுவில் இருக்கும் உப்புக் குப்பியை விட்டுவிட்டுப் போனால் ஆள் தங்கம். உப்பையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனால், "நேரமாச்சு, கிளம்பலாமா?" என்று பெண் வீட்டார் எழுந்துவிடுவார்கள். வந்தவன் தன்னைக் கவிழ்த்தது ஒரு உப்புக் குப்பி என்று கடைசிவரை தெரியாமல் வாயைத் துடைத்துக்கொண்டு வீடு போய்ச் சேருவான்.

எடை போடுவதற்கு அவரிடம் படிக்கற்கள் இருந்தன. கரண்டியை வேண்டுமென்றே இரண்டு நிமிடம் தாமதமாகக் கொண்டுவருவார். மீன் கேட்டவனுக்கு முட்டையை வைப்பார். தண்ணீர் ஊற்றும்போது கைக்குப் பக்கத்தில் மூன்று சொட்டு சிந்துவார். நாலு இல்லை, மூன்றுதான். நாலாவது சொட்டுக்கு நல்லவனுக்கும் கோபம் வரும் என்பது அவர் கணக்கு.

ஒருவன் பெண்ணின் அம்மாவிடம் தேன் ஒழுகப் பேசிக்கொண்டே, தராசின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், காலித் தட்டை ஒற்றை விரலால் தள்ளினான். தட்டு நகர்ந்த தூரத்தைப் பார்த்தே, "இவன் மூணாம் மாசம் மாமியாரை வெளிய தள்ளுவான்" என்று தராசு சமையற்கட்டில் சொன்னாராம். அவன் வேறு இடத்தில் பெண் எடுத்து நாலாம் மாசம் தள்ளினான். ஒரு மாசம் பிசகிவிட்டதே என்று தராசுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இன்னொருவன் வந்ததிலிருந்து "சார், சார்" என்று சர்வரையே கும்பிட்டுக் குழைந்தான். அவனுக்கும் உப்பு போனது. "இவ்வளவு குனியறவன், எதிராளி குனியலைன்னா கடிப்பான்" என்றார். மருந்துக்கடைக்குப் பங்குதாரர் தேடியவர், வீட்டை வாடகைக்கு விட நினைத்தவர், எல்லோரும் ஏழாம் மேசைக்கு வந்தார்கள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால், மனிதனுக்கு அவன் சர்வரிடம் பேசும் ஒரு வாக்கியம் பதம். இது தராசின் வேதம்.

எல்லாப் பிழைக்கும் மன்னிப்பு உண்டு. ஒன்றுக்கு மட்டும் கிடையாது. டம்ளரைத் தட்டிக் கூப்பிடுவது. அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், இரண்டு கையிலும் தட்டுகளை அடுக்கிக்கொண்டு போனபோது, ஒருவர் மோதிர விரலால் டம்ளரை டிங் டிங் என்று தட்டினார். வர அரை நிமிடம் ஆனது. "காது அடைச்சிருக்கா, திறந்து விடட்டுமா?" என்று கேட்டு, மிச்சமிருந்த சூப்பைத் தராசின் சட்டையில் ஊற்றினார். சூடு ஆறிய சூப்தான், தோல் வேகவில்லை. முதலாளி வந்து தராசை மன்னிப்புக் கேட்க வைத்தார். மஞ்சள் கறையோடு நின்று, "தப்பு என்னுதுதாங்க" என்று சொன்ன அந்த இருபத்திரண்டு வயசுப் பையன் அவருக்குள் சாகவே இல்லை. அதற்குப் பிறகு அந்த ஓட்டலில் டம்ளரைத் தட்டிய எவனுக்கும் உப்பு நின்றதில்லை.

வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கி மாலை மூன்றரைக்கு முடியும். வீட்டுக்கு வரும்போது கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருக்கும். கன்னம் வலிக்கும், ஒன்பதரை மணி நேரம் சிரித்த கன்னம் அல்லவா. அதனால் வீட்டில் அவர் பேசுவது குறைவு. நாற்காலியில் உட்காருவார். தட்டு வரும். மனைவிக்கு ரத்த அழுத்தம் என்பதால் சமையலில் உப்பு அரைவாசிதான்; அவருக்காக மேசையில் ஒரு உப்புக் கிண்ணம் தனியாக இருக்கும். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரை நகத்தால் இரண்டு தட்டு. மனைவி அடுப்படியில் இருந்தாலும், கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாலும், தன் தட்டில் முதல் கவளத்தைப் பிசைந்துகொண்டிருந்தாலும் வந்து ஊற்றிவிட்டுப் போவாள். முப்பத்தோரு வருஷத்தில் மூன்றாவது தட்டுக்கு வேலை வந்ததில்லை. சண்டை சச்சரவு இல்லாத வீடு என்று அக்கம்பக்கத்தில் நல்ல பேர்.

ஒரே மகள். கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்குக் கண் பரிசோதிக்கிற வேலை. ஒருநாள் அப்பாவையும் உட்கார வைத்து எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள்.

"தூரத்துல இருக்கறதெல்லாம் ஜோரா தெரியுதுப்பா உங்களுக்கு. கிட்டத்துல இருக்கறதுக்குத்தான் கண்ணாடி வேணும்."

"எனக்கெதுக்குடி கண்ணாடி? ஆள் கதவைத் திறக்கும்போதே நான் எடை போட்டுடுவேன்" என்றார் தராசு. கண்ணாடி வாங்கவே இல்லை.

அவளுக்கு வரன் வந்தபோது ஊரே வேடிக்கை பார்க்கக் காத்திருந்தது. கல்லாவில் உட்காரும் காசாளர் அன்று விடுப்பில் இருந்தும் வந்துவிட்டார். பையன் தண்ணீர் பம்பு விற்கும் கம்பெனியில் விற்பனையாளர். பெண்ணின் அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லி, அம்மாவும் மகளும் அவனை ஏழாம் மேசையில் உட்கார வைத்தார்கள். பரிமாற வந்தவர்தான் அந்த அப்பா என்று அவனுக்குத் தெரியாது.

சொந்த மகள் என்பதால் தராசு படிக்கற்களை எல்லாம் எடுத்து வைத்தார். கரண்டி இரண்டு நிமிடம் அல்ல, நான்கு நிமிடம் தாமதம். பையன் பொறுமையாக இருந்தான். மீனுக்குப் பதில் முட்டை. "பரவாயில்லைண்ணே, இதுவும் நல்லா இருக்கு. மாத்தறதுக்காக நடக்காதீங்க." தண்ணீர் நாலு சொட்டு என்ன, அரை டம்ளர் மேசையில் கொட்டியது. பையன் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "உங்க கை நனைஞ்சிருச்சே" என்றான். கடைசியில் தட்டுகளைத் தானே அடுக்கி நீட்டினான்.

உப்பு நின்றது. நின்றது மட்டுமா, தராசு அதைத் துணியால் துடைத்து மேசையின் நட்டநடுவில் வைத்துவிட்டு ஏப்ரனை அவிழ்த்தார்.

"நான்தான் மாப்பிள்ளை, பொண்ணோட அப்பா."

பையன் பதறி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "நானும் காலேஜ்ல படிக்கும்போது கேண்டீன்ல தட்டு கழுவினவன்தான் மாமா. இந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும்."

அது பொய்யில்லை. நடிப்பும் இல்லை. இந்தக் கதையின் கசப்பே அதுதான்.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி மட்டும் மெதுவாகக் கேட்டாள். "நல்ல பையன்தாங்க. ஆனா வெளிய சாப்பிடறத வச்சு, வீட்டுல எப்படி சாப்பிடுவான்னு தெரியுமா?"

"முப்பது வருஷமா இதான் என் வேலை. உனக்கென்ன தெரியும்?"

அதற்கு மேல் பேசி அவளுக்குப் பழக்கம் இல்லை.

நிச்சயம் ஆனபிறகு மாப்பிள்ளை முதல்முறை வீட்டுக்குச் சாப்பிட வந்தார். மாமனாரும் மருமகனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தராசு பேச்சின் நடுவே டம்ளரை இரண்டு தட்டினார். மனைவி வந்து ஊற்றினாள், போனாள். மாப்பிள்ளை அதைப் பார்த்து லேசாகப் புன்னகைத்தார். சாப்பாடு பிடித்துவிட்டது என்று தராசு எடுத்துக்கொண்டார்.

இரண்டு வருஷம் நாலு மாசம் கழித்து ஒரு புதன்கிழமை, மகள் ஒற்றைப் பெட்டியோடு வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். திரும்பிப் போகமாட்டேன் என்றாள். தராசு விசாரணையை ஆரம்பித்தார்.

"அடிச்சாரா?"

"இல்லப்பா."

"குடியா?"

"இல்ல."

"வேற எவளாவது...?"

"ஐயோ, அதெல்லாம் இல்லப்பா."

"பின்ன என்னதாம்மா குறை?"

அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "டம்ளரைத் தட்டுவார். ரெண்டுன்னா தண்ணி. மூணுன்னா சோறு. நாலுக்குள்ள வரலைன்னா டம்ளர் சுவத்துல போய் விழும். அதுக்கப்புறம் பேச மாட்டார். நான் மன்னிப்பு கேக்கற வரைக்கும். ஒரு தடவ பதினோரு நாள். மொதல்ல ஒரு வருஷம் இது குத்தம்னே எனக்குத் தோணலைப்பா. எல்லா வீட்டுலயும் இப்படித்தானேன்னு இருந்துட்டேன்."

மனைவி ஏற்கனவே பளபளவென்றிருந்த பாத்திரத்தின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தராசு அதைக் கவனிக்கவில்லை. அவர் மனசு ஏழாம் மேசையில் இருந்தது. சொந்த மகளுக்கே அந்தத் தராசில் நிறுத்துத்தான் மாப்பிள்ளை பார்த்தார் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். அவள் திரும்பி வந்துவிட்டாள் என்றால், இத்தனை வருஷம் தூக்கிய உப்பும் விட்ட உப்பும் என்ன ஆகும்?

"வேலை அலுப்பா இருக்கும்மா. சொன்னா மாத்திக்குவார். ஞாயித்துக்கிழமை நான் போய்ப் பேசறேன். அவர் சரின்னா திங்கக்கிழமை நீ கிளம்பணும்."

அப்பா சொன்னால் அவள் போவாள். அது அடுப்படியில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேருந்துப் பணிமனைக்குப் பக்கத்தில் வேறொரு ஓட்டலில் மாமனாரும் மருமகனும் சந்தித்தார்கள். தராசு வாடிக்கையாளராக உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. யாராவது கதவைத் திறந்தால் எழுந்து நிற்கத் தோன்றியது. ஆனாலும் கண் தன் வேலையைப் பார்த்தது. இரண்டாம் முறை எடை போட்டுவிடுவது என்றுதான் வந்திருந்தார்.

பரிமாற வந்த பெண்ணின் கட்டைவிரலில் கட்டு. மருமகன் அதை முதலிலேயே பார்த்துவிட்டான். "என்னக்கா, வெட்டிக்கிட்டீங்களா? சூடா இருக்கு, நீங்க தூக்காதீங்க, குடுங்க இப்படி." தட்டைத் தானே வாங்கி வைத்தான். ரொட்டி ஆறிப்போயிருந்தது, ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போனாள்.

தராசுக்கு மார்பிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. எடை தப்பவில்லை. ஆள் தங்கம்தான். மகள்தான் பொறுமையில்லாதவள்.

"மாப்பிள்ளை, நான் சுத்தி வளைக்கலை. டம்ளரைத் தட்டறீங்களாம். அது மட்டும் வேண்டாமே."

மருமகன் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. உண்மையான ஆச்சரியம்தான் இருந்தது.

"என்ன மாமா, நீங்க சொல்றீங்க இத?"

"ஏன்?"

"உங்ககிட்ட இருந்துதானே கத்துக்கிட்டேன்! மொத மொத உங்க வீட்டுக்கு சாப்பிட வந்தேனே, ஞாபகம் இருக்கா? ரெண்டே தட்டு. ஒரு வார்த்தை இல்ல. அத்தை வந்தாங்க, ஊத்தினாங்க, போனாங்க. எங்க வீட்டுல எப்பவும் கூச்சல் மாமா. அம்மா ஒண்ணு சொன்னா அப்பா ரெண்டு சொல்வாரு. உங்க வீட்டைப் பாத்து, அடடா, குடும்பம்னா இப்படி இருக்கணும்னு நினைச்சேன். அந்த அமைதிக்காகத்தான் கல்யாணத்துக்கே அவசரப்பட்டேன்."

தராசின் கையில் ரொட்டி இருந்தது. அதை வைக்கவும் இல்லை, வாய்க்குக் கொண்டுபோகவும் இல்லை.

"நாள் பூரா வாடிக்கையாளர்கிட்ட சிரிச்சுச் சிரிச்சு கன்னம் வலிக்குது மாமா. உங்களுக்குத் தெரியாதா? வீட்டுலயாவது வாயைத் திறக்காம இருக்கலாம்னு பாத்தா, அவளுக்கு அத்தை மாதிரி பக்குவம் இன்னும் வரலை. நீங்க சொன்னா கேப்பா. நாளைக்கே அனுப்பி வைங்க."

"டம்ளர் சுவத்துல விழுதாமே?"

"மூணு தடவதான்" என்று மருமகன் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டான். "இனிமே பிளாஸ்டிக் டம்ளர் வாங்கிடறேன்."

கட்டுப்போட்ட விரல்காரி வந்து தட்டுகளை எடுத்தாள். மருமகன் அவளுக்கு நன்றி சொன்னான். உப்புக் குப்பி இருந்த இடத்திலேயே இருந்தது. அதை எடுக்க வேண்டுமா, விட வேண்டுமா என்று தராசுக்குத் தெரியவில்லை. அது அவருடைய மேசையும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனக்குத் தானே வக்கீலாக வாதாடிக்கொண்டு வந்தார். நான் டம்ளரை எறிந்தேனா? இல்லை. பேசாமல் பழிவாங்கினேனா? இல்லை. நாலு தட்டு தட்டினேனா? இல்லவே இல்லை, இரண்டுக்கு மேல் தேவைப்பட்டதே இல்லை. என் தட்டு வேறு, அவன் தட்டு வேறு. தபாலாபீஸ் தாண்டும்போது வழக்கில் ஜெயித்துவிட்டார். தெருமுனை வரும்போது, மூன்றாவது தட்டு ஏன் தேவைப்படவில்லை என்று எதிர்க்கட்சி வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்குள் வீடு வந்துவிட்டது.

மணி நாலு. ஓட்டலில் சரியாகச் சாப்பிடவில்லை என்று கண்டுகொண்டாற்போல மனைவி தட்டை வைத்தாள். உப்புக் கிண்ணத்தை வைத்தாள். காலி டம்ளரை வைத்தாள். "என்ன சொன்னார்?" என்று யாரும் கேட்கவில்லை. மகளின் பெட்டி கதவோரம் தயாராக நின்றது. அவள் அதை அடுக்கி வைத்துவிட்டு முன்னறையில் அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மனைவி கொல்லைக்குப் போய்விட்டாள்.

தராசு நாலு கவளம் சாப்பிட்டார். எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டார். விக்கல் எடுத்தது. யோசனையில் இருந்த மனுஷனின் விரல், யாரையும் கேட்காமல், தன்பாட்டுக்கு எழுந்து போய்—

டக், டக்.

முன்னறையில் நாற்காலி கவிழ்ந்தது. மகள் ஓடிவந்தாள். கையில் கூஜா, எங்கிருந்து எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. பொத்தான் ஊசி விரலில் குத்தியபடியே தொங்கியது. "வந்துட்டேன், வந்துட்டேன், மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க" என்று ஊற்றினாள். தண்ணீர் டம்ளரில் பாதி, மேசையில் பாதி. மூன்று சொட்டு இல்லை. மேசை ஓரம் வழிந்து அவர் மடியில் கொட்டியது. அப்புறம்தான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். உட்கார்ந்திருப்பது அப்பா என்று தெரிந்ததும் கூஜாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

கொல்லைக் கதவில் மனைவி நின்றாள். அவள் கையிலும் ஒரு சொம்பு. ஈரக் கை. அவளும் ஓடித்தான் வந்திருந்தாள்.

இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள், இருவர் கையிலும் தண்ணீர். நடுவில், நனைந்த வேட்டியோடு, ஊரையே எடை போட்ட மனுஷர்.

முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் மஞ்சள் கறையோடு நின்று "தப்பு என்னுதுதாங்க" என்று சொன்ன அந்தப் பையனின் குரலைத் தராசு இப்போது கேட்டார். அது தன் மகளின் தொண்டையிலிருந்து வந்திருந்தது.

"நீ போக வேண்டாம்மா" என்றார். இன்னொரு முறை சொன்னார். "போக வேண்டாம். யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன்."

மகள் விரலிலிருந்த ஊசியைப் பிடுங்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அழுதாளா என்று தெரியவில்லை. சத்தம் வெளியே வராமல் அழ அந்த வீட்டில் நல்ல பயிற்சி உண்டு.

மனைவி சொம்பை வைத்தாள். துணி எடுத்து மேசையைத் துடைத்தாள், ஓரம்வரை, அவசரமில்லாமல். அவர் ஏதாவது சொல்வாரா என்று ஒரு கணம் நின்று பார்த்தாள். அவர் சொல்லவில்லை. அவள் மேசை நடுவில் இருந்த உப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், அடுப்படிக்குள் போனாள்.

மறுநாளே தராசு காசாளரிடம் சொல்லி, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பன்னிரண்டாம் மேசைக்கு மாறிக்கொண்டார். அங்கே யாரும் பெண் பார்க்க வருவதில்லை. மகள் விஷயம் தெரிந்ததும், தராசுக்கே படிக்கல் தப்பிப்போச்சு என்று ஊர் ஆறு மாசம் சிரித்தது. "மாப்பிள்ளை உன் முன்னாடி நடிச்சுட்டானாய்யா?" என்று காசாளர் அனுதாபமாகக் கேட்டார். நடித்தான் என்று சொல்லியிருந்தால் மானம் தப்பியிருக்கும். "இல்ல, அவன் நல்லவன்தான். என்னை மாதிரியே" என்றார் தராசு. காசாளர் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்.

மகள் கண்ணாடிக் கடை வேலைக்கே திரும்பிப் போகிறாள். கடையில் யாராவது மேசையை லேசாகத் தட்டினால்கூட இன்னும் எழுந்து நின்றுவிடுகிறாளாம்.

வீட்டில் தராசு இப்போது தண்ணீரைத் தானே எழுந்துபோய் எடுத்துக்கொள்கிறார். முதல்முறை மனைவி தட்டை வைத்தபோது, நல்ல சர்வருக்குச் சொல்வது போலவே, "ரொம்ப நன்றி" என்றார்.

"இது எத்தனாம் நம்பர் மேசை?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

உப்புக் கிண்ணம் மட்டும் மேசைக்குத் திரும்பி வரவில்லை. சமையலில் இன்றும் அரை உப்புதான். கேட்டால் கொடுப்பாள், கொடுக்காத மனுஷி இல்லை. மனிதர்கள் கேட்கும் விதத்தில் எழுபது வகை தராசுக்குத் தெரியும்: கெஞ்சிக் கேட்பது, அதட்டிக் கேட்பது, முகத்தைப் பார்க்காமல் கேட்பது, சிரித்துக்கொண்டே அவமானப்படுத்திக் கேட்பது. அதில் எந்த வகையில் கேட்டால் முப்பத்தோரு வருஷத்துக் காயம் ஆறும் என்று தினமும் முதல் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார். வாயைத் திறக்கிறார். அப்புறம் அந்தக் கவளத்தையே வாயில் போட்டுக்கொண்டு, சப்பென்று மென்று முழுங்குகிறார்.